கதிர்: ஒளியா, கூரா?

கதிரவனின் கதிருக்கும் நெற்கதிருக்கும் ஒரே சொல் வழங்குவதைக் காட்டி, 'ஒளிச்சேர்க்கையைத் தமிழன் அன்றே அறிந்து சொல்லுக்குள் வைத்தான்' என்று மேடையில் கைதட்டு வாங்குவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. ஒளிக்கதிர் இலைக்குள் போய் நெற்கதிராக வெளியே வருகிறதாம். ஆகவே பெயரும் ஒன்றாம். கேட்க இனிக்கிறது. சொல்லாராய்ச்சிக்கு இனிப்பு போதாது.

வெயிலில் விளைந்ததெல்லாம் கதிர் என்றால் துவரைக்கு ஏன் கதிர் இல்லை? உளுந்துக்கும் பயறுக்கும் காயும் நெற்றும்தான். வாழைக்குக் குலை, முருங்கைக்குக் காய், வள்ளிக்குக் கிழங்கு. இவையெல்லாம் இருட்டிலா விளைந்தன? நெல், தினை, சோளம், கம்பு, கேழ்வரகு என்று தட்டையின் உச்சியில் கிளம்பி நிற்பவற்றுக்கே அந்தப் பெயர். கம்பங்கதிரைக் கையில் எடுத்துப் பாருங்கள்: சாண் நீளத்துக்கு உருண்டு நீண்டு, நுனிக்குப் போகப் போகச் சிறுத்து, தடவினால் சொரசொரவென்று இருக்கும். பெயர் வந்த வழி அந்த உருவத்திலேயே இருக்கிறது.

இனி நிலவு. சங்கப் பாட்டும் காப்பியமும் திங்களுக்கும் கதிர் கொடுக்கின்றன. ஞாயிற்றுக்கு வெங்கதிர், திங்களுக்குத் தண்கதிர். முழுநிலவின் ஒளிகூட வெயிலில் ஏறத்தாழ 4 லட்சத்தில் ஒரு பங்குதான். அதை வைத்து எந்தப் பயிரும் மணி பிடிக்காது. கதிர் என்ற சொல்லுக்குள் சோறு இருக்கிறதென்றால் திங்களின் கதிரை எங்கே கொண்டு போய் வைப்பது?

மேடைக்காரர்கள் மறந்தே போன மூன்றாவது கதிர் ஒன்று உண்டு. இராட்டையில் நூல் சுற்றிக்கொள்ளும் கூரிய இரும்புக் கம்பிக்கும் கதிர் என்றே பெயர். கன்னடத்தில் 'கதிரு' ஒளிக்கும் ஆகும், நூற்கும் கதிருக்கும் ஆகும். தெலுங்கில் 'கதுரு' என்றால் இந்தக் கம்பிதான். மலையாளத்தில் ஒளிக்கும் நெல்லுக்கும் கதிர். நான்கு மொழியிலும் வேரோடியிருக்கும் சொல்லை விளக்க வருபவர் மூன்று பொருளையும் சேர்த்தே விளக்க வேண்டும். இரண்டை எடுத்துக்கொண்டு ஒன்றை ஒளித்து வைப்பது ஆராய்ச்சி ஆகாது.

மூன்றுக்கும் பொது, கிளம்பி நீண்டு கூர்ந்திருத்தல். தொல்காப்பிய உரியியல் கதழ்வு என்பதற்கு விரைவுப் பொருள் சொல்கிறது. கதித்தல் என்றால் மிகுதல், எழுதல், விரைதல். இந்தக் 'கத' அடியில்தான் கதிரும் கிளைத்திருக்கும் என்பது என் கணிப்பு: விரைந்து வெளிக்கிளம்பியது எதுவோ அது கதிர்.

பயிர் எதனால் உணவாகிறது என்று பழந்தமிழர் கருதினார்கள் என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் புறநானூற்றுக்குப் போக வேண்டும். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் பாடிய பதினெட்டாம் பாட்டு உணவைப் பகுத்துக் காட்டுகிறது. நிலமும் நீரும், அவ்வளவுதான். ஞாயிறு அந்தக் கணக்கிலேயே இல்லை. குளம் வெட்டச் சொல்ல வந்த புலவருக்கு அது தேவையும் இல்லை. இதில் குறைவும் எதுவும் இல்லை. ஐரோப்பாவிலும் 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற ஆய்வாளர் 200 பவுண்டு மண்ணில் ஒரு வில்லோக் கன்றை நட்டு, 5 ஆண்டு நீர் மட்டுமே ஊற்றினார். 5 பவுண்டுக் கன்று 169 பவுண்டு மரமாயிற்று. மண்ணில் குறைந்தது 2 அவுன்சு. மரம் முழுவதும் நீரே என்று முடிவு கட்டினார். குடபுலவியனார் நிலத்தையாவது விட்டு வைத்தார். காற்றையும் ஒளியையும் இருவருமே காணவில்லை.

ஒளியைக் கண்டவர் யான் இங்கன்ஹவுஸ். செடியின் பச்சை உறுப்புகள் வெயில் பட்டால்தான் காற்றைத் தூய்மையாக்குகின்றன, இருளில் அவையும் காற்றைக் கெடுக்கின்றன என்று 1779இல் நூலாக வெளியிட்டார். ஒளியைக் கொண்டு செடி உணவாக்கும் வேலைக்கு 1893இல் இரண்டு பெயர்களை முன்வைத்த அமெரிக்கத் தாவரவியலார் சார்லஸ் பார்ன்ஸ் தாமே விரும்பியது 'ஃபோட்டோசின்டாக்ஸ்'. நிலைத்தது 'ஃபோட்டோசிந்தசிஸ்'. சொல்லைப் படைத்தவன் விருப்பத்தையே வழக்கு கேட்பதில்லை.

அதன் தமிழாக்கமான ஒளிச்சேர்க்கையும் எனக்கு முழு நிறைவு தரவில்லை. 'ஒளியால் சேர்த்தல்' என்று மூன்றாம் வேற்றுமையாக விரிக்க வேண்டியதை மாணவர்கள் 'ஒளியைச் சேர்த்தல்' என்று இரண்டாம் வேற்றுமையாக விரித்துவிடுகிறார்கள். இலை கூட்டிச் சேர்ப்பது கரியமில வாயுவையும் நீரையும். ஒளி அந்த வேலைக்கான ஆற்றல். ஈழத்தார் சொல்லும் ஒளித்தொகுப்பு கொஞ்சம் மேல், ஆனால் அதையும் ஒளியின் தொகுப்பு என்று படிக்கலாம்.

இலையின் நிறமிக்கு வழங்கும் பச்சையமோ நல்ல ஆக்கம். பெல்த்தியேவும் காவந்துவும் 1817இல் குளோரோஃபில் என்று பெயர் வைக்க எடுத்த கிரேக்கச் சொல் 'குளோரோஸ்' வெறும் பச்சை இல்லை. வெளிறிய மஞ்சளும் அதில் அடக்கம். நம் பசுமையும் அப்படியே. பசும்பொன் பச்சை நிறமா? பசலை பாய்ந்த மேனி எந்த நிறம்? குறுந்தொகையில் பரணர் பசலையைக் கேணிப் பாசியோடு சேர்த்தும் வைக்கிறார்.

உழவனுக்கு வெயிலின் அருமை தெரியாதென்று நான் சொல்லவில்லை. வரப்போரத்து மர நிழலில் நிற்கும் பயிர் விளையாதென்று எந்த விவசாயியும் சொல்வார். கதிருக்குச் சற்றுக் கீழே விறைத்து நிற்கும் கடைசி இலையைக் கண்ணாடி இலை என்பார்கள். நெல்மணியில் சேரும் மாவின் பெரும்பகுதி கதிர் வந்த பிறகு அந்த இலையும் அதற்கடுத்த மேலிலைகளும் ஆக்கித் தருவது. பால் பிடிக்கும் நாட்களில் வானம் மூடியே கிடந்தால் பதர் மிகும். இந்தப் பட்டறிவு களத்தில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைக் கதிர் என்ற சொல்லுக்குள் திணிப்பதுதான் தவறு.

இராட்டைக் கதிரை விளக்காத எந்தச் சொற்பிறப்பையும், எத்தனை கைதட்டு வாங்கினாலும், நான் ஏற்பதற்கில்லை.