தேவாலாவின் பொற்சுரங்கங்கள்

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863 ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் பழங்கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். அவற்றுள் மிகத் தொன்மையானவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என 2011-இல் வெளியான ஆய்வு கணித்தது. ஃபூட்டின் பெயர் நிலைத்தது. கிங்கைப் பேசுவோர் அரியர். அந்தக் கிங்தான் 1875-இல் தென்கிழக்கு வயநாட்டின் பொன்வயல்களைப் பற்றி நிலவியல் துறைக்கு அறிக்கை எழுதியவர். இன்றைய நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர், தேவாலாப் பகுதியே அது. 1877 வரை மலபாரைச் சேர்ந்திருந்தது.

அம்மலை ஓடைகளில் குறும்பரும் பணியரும் மணலை அரித்துப் பொன்துகள் எடுப்பது பழைய வழக்கம். 1830-களில் ஆங்கிலேயர் ஆராய்ந்து, இலாபம் கிட்டாதெனக் கைவிட்டனர். ஆனால் 1879-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த பிரௌ ஸ்மித்தின் அறிக்கை, இலண்டன் நகரத்தாரின் ஆசையைக் கிளறிவிட்டது. இரண்டே ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள், நாற்பது லட்சம் பவுனுக்கும் அதிகமான முதலைக் காட்டிப் பதிவாயின. தேவாலாவில் தபால் நிலையம், தந்தி, விடுதிகள் எல்லாம் எழுந்தன. பங்குப் பணத்தில் பெரும்பகுதி பாறையைத் தொடவே இல்லை. நலிந்த காப்பித் தோட்டங்களைப் பொன்விலைக்கு விற்றவர்களிடமும், கம்பெனி அமைத்த தரகர்களிடமும் சென்றது. உண்மையில் ஒரு டன் பாறையை இடித்தால் கிடைத்த பொன் மிகச் சொற்பம். சில ஆண்டுகளில் இயந்திரங்கள் ஓய்ந்தன. 1901-இல் ஹேடனும் ஹாட்சும் எழுதிய அறிக்கையும் நம்பிக்கை தரவில்லை. அதே காலத்தில் தொடங்கிய கோலார் சுரங்கமோ, தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் 2001 வரை நின்றது.

இனி எஞ்சியவை. மலையைக் குடைந்த குகைவழிகள், செங்குத்தான குழிகள், பாறை இடிக்கும் இயந்திரம் நின்ற கல்மேடைகள். சுரங்க வாயிலிலிருந்து இடிப்பாலை வரை குறுகிய தண்டவாளம் போட்டு, டிராம் வண்டியைத் தள்ளிச் செல்வது அக்காலச் சுரங்கங்களின் பொது வழக்கம். இத்தகைய இடங்களில் தண்டவாளம் நிலைப்பதில்லை. கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு லாரி லாரியாக வருவதைக் காண்பவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல் 15 லட்சம் ஆண்டு கிடக்கும். இரும்பை மனிதன் விட்டுவைப்பதில்லை. ஆயினும் வண்டி ஓடிய தடம் மண்ணில் இருக்கும். மலைச்சரிவில் திடீரென ஏறாமலும் இறங்காமலும், மென்மையான சாய்வில் வளைந்து நீளும் ஒடுங்கிய மேடை தென்பட்டால், அது ஆட்டுத்தடம் அன்று. ஆடு அப்படி நடப்பதில்லை.

1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமாவோ-சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர் பலரை இம்மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் அரசு குடியமர்த்தியது. 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் அவர்களுக்காகவே. கூலி போதாத வறியோர் சிலர் இக்கைவிடப்பட்ட குகைகளுக்குள் விளக்கேந்தி நுழைந்து, பாறையை உடைத்து, பாதரசத்தில் பொன்னைப் பிரித்தெடுத்திருக்கின்றனர். மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் மாண்டவர் உண்டு. சட்டம் இதைக் களவு என்கிறது. இலண்டனில் தாளில் மட்டும் பொன் காட்டியவர்களை எந்தப் பெயரால் அழைப்பது என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்க.

அரபியில் சுரங்கத்துக்கு 'மஅதின்' என்பர். 'தங்கியிருத்தல்' எனும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. யமன் நாட்டு அறிஞர் அல்-ஹம்தானீ ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பொன், வெள்ளி பற்றியே தனி நூல் செய்தார். அதில் ஸன்ஆவுக்கு வடகிழக்கே மலைமீதிருந்த அர்-ரழ்ராழ் வெள்ளிச் சுரங்கத்தை விவரிக்கிறார். அங்கே 400 உலைகள் எரிந்தன என்றும், ஹிஜ்ரி 270 (கி.பி. 883) வாக்கில் ஏற்பட்ட கலவரத்தில் அது பாழானது என்றும் குறிக்கிறார். ஆயிரம் ஆண்டுக்குப் பின் அகழ்வாய்வாளர் அல்-ஜபலீயில் அதன் குகைகளையும் கசடுகளையும் கண்டபோது, அவ்வேட்டை வைத்தே அடையாளம் தெரிந்துகொண்டனர்.

தேவாலாவுக்குக் கம்பெனிக் கணக்குகளும் நிலவியல் அறிக்கைகளும் உண்டு. அவற்றில் பங்குதாரர் உளர், பொறியாளர் உளர். பாறையைச் சுமந்த பணியரின் பெயர் இல்லை. தேயிலைச் செடியைப் பெயர்த்து மறுநடவு செய்யும்போதெல்லாம் அந்த மென்சாய்வு மேடைகளும் சற்றுச் சற்றாகக் கரைகின்றன.