பாலிகஞ்சின் வீதிகளும் மாடிகளும்

கல்கத்தாவின் தென்பாகத்திலுள்ள பாலிகஞ்சில், பழைய இரண்டடுக்கு வீடொன்று இடிபட்டு அவ்விடத்தில் பல மாடிக் கட்டடம் எழும்பப் போகிறதென்ற செய்தி பரவியதும், அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது காற்றையும் வெளிச்சத்தையும் பற்றியன்று. அத்தனை குடும்பங்களின் கார்களும் இந்தச் சிறு வீதியில் எவ்வாறு நுழையும், எவ்வாறு வெளியேறும் என்பதையே. வசதி படைத்தோரின் சுயநலம் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அந்த வீதிகள் உண்டான சரித்திரத்தைப் பார்த்தால், கேள்வியில் நியாயம் இருப்பது விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாலிகஞ்ச் நகரமன்று; குளங்களும் தோப்புகளும் வெள்ளைக்காரரின் தோட்ட வீடுகளும் விரவிய புறநகர்ப் பகுதி. மாத்லா நதிக்கரையில் கானிங் என்றொரு துறைமுகம் அமைத்து ஹூக்ளி நதித் துறைமுகத்துக்குப் போட்டியாக்கலாம் என்ற பேராசையில், 1860-களில் சியால்தாவிலிருந்து அவ்வூருக்கு ரயில் பாதை போட்டார்கள். துறைமுகம் உருப்படவில்லை, ரயில் பிழைத்தது, பாலிகஞ்சுக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது.

1898-இல் கல்கத்தாவில் தோன்றிய பிளேக் நோய், நெருக்கமான வீடுகளும் காற்றோட்டமற்ற சந்துகளும் எவ்வளவு ஆபத்தானவை என்பதை ஆள்வோருக்கு உணர்த்திற்று. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறு வருஷம் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்ட் ஸ்தாபிக்கப்பட்டது. அதன் பிரதம இஞ்சினியராயிருந்த ஈ. பி. ரிச்சர்ட்ஸ் 1914-இல் வெளியிட்ட அறிக்கை, இம்மாநகரின் பெருங்குறை போதிய சாலைகள் இல்லாமையே என்பதை விஸ்தாரமாக எடுத்துக்காட்டியது. டிரஸ்ட் கையாண்ட முறையோ சாமர்த்தியமானது: சாலைக்கு வேண்டியதைக் காட்டிலும் அதிகமான நிலத்தைக் கையகப்படுத்தி, சாலை போட்டு, அதனால் மதிப்பு உயர்ந்த மனைகளை விற்று, அந்தக் கிரயத்தைக் கொண்டே செலவை ஈடுகட்டியது. வக்கீலும் கொடையாளருமான ராஷ்பிஹாரி கோஷின் பெயர் தாங்கிய அகன்ற ராஜபாட்டையும், சதர்ன் அவென்யூவும், சதுப்பும் புதருமாய்க் கிடந்த 192 ஏக்கரில் வெட்டப்பட்டு இன்று ரவீந்திர சரோவர் என வழங்கும் ஏரியும் டிரஸ்டின் காரியங்களே. முதலில் வீதி, பிறகு வீடு என்ற அந்த வரிசையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அவ்வீதிகளில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் வக்கீல்கள், வைத்தியர்கள், பேராசிரியர்கள், உத்தியோகஸ்தர்கள். ஹிந்துஸ்தான் கூட்டுறவு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொந்தமாயிருந்த நிலத்தில் எழுந்த ஹிந்துஸ்தான் பார்க்கில் மொழியியல் அறிஞர் சுனீதி குமார் சட்டர்ஜி 'சுதர்மா' என்ற இல்லத்தைக் கட்டினார். ராஷ்பிஹாரி அவென்யூவின் 202-ஆம் எண் வீட்டில் கவிஞர் புத்ததேவ போஸ் 'கவிதா பவன்' என்று பெயரிட்டு வாழ்ந்தார். சிவப்புச் சிமெண்டுத் தரை, பச்சை வர்ணம் பூசிய சாய்வுப் பலகை ஜன்னல்கள், அரைவட்ட மாடி முகப்பு, வாசலில் அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து அரட்டையடிக்கும் 'ரோவாக்' என்ற திண்ணை ஆகிய லட்சணங்களோடு எழுந்த அவ்வீடுகளுக்கருகே, வியாபாரக் கம்பெனிகளில் கணக்கெழுதவும் டைப் அடிக்கவும் வந்த நம் தமிழரும் குடியேறினார்கள். அங்குள்ள லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் இன்றும் கிடைப்பது அவர்கள் புண்ணியத்தால்தான். சாலைகளுக்காக ஏழைகள் வீடிழந்தார்கள் என்பதையும் இங்கே மறைக்கலாகாது. டிரஸ்டின் புகழில் அது ஒரு களங்கம்.

ஒரு மனைக்கு ஒரு குடும்பம் என்ற கணக்கில் வகுக்கப்பட்ட வீதிகள் அவை. வீட்டுக்கொரு கார் யாருக்கும் உத்தேசத்தில் இல்லை. வெளியே போகிறவருக்கு டிராம் இருந்தது, பெருஞ்சாலையின் நடுவே புல் வளர்ந்த தனிப்பாதையில் அது ஓடிற்று. 1954 அக்டோபரில் கவிஞர் ஜீவனானந்த தாஸ் ராஷ்பிஹாரி அவென்யூவில் அதே டிராமில் அடிபட்டுச் சில தினங்களில் மாண்டது வங்காளிகளின் ஆறாத துயரம். பின்னாளில் அத்தனிப்பாதையையும் சமதளமாக்கிக் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2024-இல், நகர மையத்து மைதானத்தை ஒட்டிய ஒரு பாதை தவிர மற்றெல்லா டிராம்களையும் நிறுத்திவிடப் போவதாக அரசாங்கம் அறிவித்தது.

வீடுகள் ஏன் விழுகின்றன என்பதும் சொல்லத்தக்கதே. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் பழைய குடித்தனக்காரர் தரும் வாடகை பழுது பார்க்கவும் போதாது. சொத்துக்குப் பாத்தியப்பட்ட பிள்ளைகளும் பெண்களும் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். 'புரமோட்டர்' வருகிறார், நிலம் உம்முடையது, கட்டும் செலவு என்னுடையது, ஃபிளாட்டுகளில் உமக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்கிறார். இந்த ஏற்பாட்டில் உரிமையாளரைக் குறை கூற யாருக்கும் மனம் வராது. இதில் விசித்திரம் என்னவென்றால், மாநகராட்சி எல்லைக்குள் ஜனத்தொகை 2001-இல் 45 லட்சத்து 73 ஆயிரமாக இருந்தது 2011-இல் 44 லட்சத்து 97 ஆயிரமாகக் குறைந்தே போயிற்று. பெருகியவை வாகனங்கள்.

சட்டம் இதைக் கவனிக்காமலில்லை. மாநகராட்சியின் 2009-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், முன்னாலுள்ள வீதியின் அகலத்துக்கேற்பவே உயரத்தை அனுமதிக்கின்றன. ஃபிளாட்டின் பரப்புக்கேற்பக் கார் நிறுத்த இடமும் ஒதுக்கச் சொல்கின்றன. ஆனால் கார் எங்கே நிற்கும் என்பதற்கு விதி இருக்கிறதே ஒழிய, அது எந்த வழியே ஓடும் என்பதற்கு இல்லை. ஒவ்வொரு மனையையும் தனித்தனியே அளந்து அனுமதி தருகிறார்கள்; ஒரே வீதியில் பத்து அனுமதிகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்ப்பாரில்லை. இவ்வட்டாரத்துக் கரியாஹாட் சந்தியில் 2002-இல் மேம்பாலம் கட்டினார்கள். அது பெருஞ்சாலையின் பாரத்தைக் குறைத்திருக்கலாம், பக்கத்துச் சந்துகளுக்கு அதனால் ஓரடி அகலமும் கூடவில்லை. தெற்கே, பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில், உஷா தொழிற்சாலை இருந்த இடத்தில் 35 மாடிக் கோபுரங்களும் பெரிய அங்காடியும் எழுந்தன. சாலை மட்டும் பழைய சாலைதான்.

2015-இல் நாவலாசிரியர் அமித் சௌத்ரி, இவ்வட்டாரம் போன்ற பேட்டைகளின் வீடுகளைக் காக்க ஓர் இயக்கம் தொடங்கினார். அமர்த்தியா சென் முதலானோர் ஆதரித்தார்கள். வீட்டைக் காக்கும் உரிமையாளர், தாம் கட்டாமல் விட்ட பரப்பின் உரிமையை வேறிடத்தில் கட்டுபவருக்கு விற்கலாம் என்பது சௌத்ரி முன்வைத்த யோசனைகளில் ஒன்று. வீட்டின் அழகுக்காகச் சொல்லப்பட்ட அந்த யோசனை வீதியின் நெரிசலுக்கும் மருந்தாகும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதை நடத்தி வைக்க, வீதியை முழுமையாகக் கண்ட ஒரு ஸ்தாபனம் வேண்டும். அத்தகைய அபிவிருத்தி டிரஸ்டோ 2017-இல் கல்கத்தா பெருநகர வளர்ச்சி ஆணையத்தோடு இணைக்கப்பட்டுத் தன் தனிப்பெயரையும் இழந்துவிட்டது. ஆகவே இனி ஒரு கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும் முன், அவ்வீதியில் ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளையும் அவற்றின் கார்களையும் சேர்த்தெழுதி, வீதியின் இரு முனைகளிலும் பகிரங்கமாக ஒட்டிவைக்கும்படி பாலிகஞ்ச் வாசிகள் மாநகராட்சியைக் கேட்க வேண்டும். அக்கணக்கைக் காட்டாத அனுமதியை ஆட்சேபிக்க அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு.