"பிரதர்" என்று அழைக்கப்படுவோர்

நம் பங்கு ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில், குருக்களையும் கன்னியர்களையும் ஆசிரியப் பெருமக்களையும் நன்றியோடு நினைவுகூருகிறோம். அவ்வரிசையில் நாம் மறந்துவிடும் ஒரு கூட்டத்தார் உண்டு. கடலூர், சிதம்பரம் மருத்துவமனைகளில் நோயாளிகள் "பிரதர்" என்று கூப்பிடும் ஆண் செவிலியரே அவர்கள்.

சம்பந்தம் பேசும் இடத்தில், "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில் வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். "நர்சு" என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அது பெண்கள் வேலையாம்! பழந்தமிழிலும் செவிலி என்றால் வளர்ப்புத் தாய்தானே.

ஆனால் திருச்சபை வரலாறு கூறுவது வேறு. 1930-ல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் செவிலியருக்குப் பாதுகாவலராக அறிவித்த புனிதர் இருவரும் ஆண்கள், அதிலும் போர்வீரராயிருந்தவர்கள். புனித இறை யோவான் ஸ்பெயினின் கிரனாதா நகரில் ஏழை நோயாளிகளைப் பராமரித்து 1550-ல் மறைந்தார். அதே ஆண்டில் இத்தாலியில் பிறந்த புனித கமில்லஸ், சூதாட்டத்தில் கைப்பொருளை இழந்து, காலில் ஆறாத புண்ணோடு மருத்துவமனை சேர்ந்தவர். மனந்திரும்பி அவர் தொடங்கிய சபை 1586-ல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றது. அவர்கள் அங்கியில் அணிந்தது சிவப்புச் சிலுவை.

அப்படியானால் இது பெண்கள் வேலை ஆனது எப்போது? 1860-ல் நைட்டிங்கேல் அம்மையார் லண்டனில் நிறுவிய பயிற்சிப் பள்ளி பெண்களுக்கே உரியதாயிருந்தது. இங்கிலாந்தில் 1919-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண் செவிலியரைத் தனிப் பதிவேட்டில் ஒதுக்கியது. 1949-ல்தான் அவர்கள் பொதுப் பதிவேட்டில் சேர்ந்தனர். அந்த வழக்கமே நம் நாட்டிலும் வேரூன்றியது.

கனமான நோயாளியைத் தூக்க வேண்டுமா, கட்டுக்கடங்காதவரைப் பிடிக்க வேண்டுமா, "பிரதர்" என்று குரல் கொடுக்கிறோம். அதே கைதான் புண்ணைக் கழுவுகிறது, மலத்தைத் துடைக்கிறது, நள்ளிரவில் கண்மூடும் முதியவரின் கையைப் பற்றியிருக்கிறது. வலிமை முன்னதில் மட்டுந்தானா? பின்னதற்கே அதிக வலிமை வேண்டும் என்போம்.

பெற்றோரே, ஜூலை 14 புனித கமில்லஸ் திருநாள். அன்றாவது, "என் மகன் நர்சு" என்று நாலு பேர் கேட்க வாய்விட்டுச் சொல்லுங்கள். "நோயுற்றிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள்" என்று இறுதி நாளில் நம் ஆண்டவர் சொல்லும் கூட்டத்தில், அந்த மகனும் நிற்பான்.