சிறு வண்டிகள் சொல்லும் பெரு வரலாறு



மாசி மகத்தன்று புதுவை நகரின் வடபால் அமைந்த வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்குச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து தெய்வத் திருமேனிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகின்றன. மயிலத்து முருகன் வருகிறான். வேறு பல ஊர்த் தெய்வங்களும் வருகின்றன. கருவறையில் நிலைபெற்ற மூலவர் பெயர்வதில்லை. அளவிற் சிறிய உற்சவரே கடல் வரை வந்து மக்களுக்குக் காட்சி தருகிறார். அளவிற் சிறியதாயினும் அதைக் குறைந்தது என்று எவரும் எண்ணுவதில்லை. வழிபாடு வேறு, கைத்தொழில் வேறு. ஆயினும், பெரியதொன்றின் இயல்பைச் சிறிய வடிவில் ஏற்றிக் காணும் பழக்கம் நமக்குப் புதியதன்று என்பதற்கு இது சான்று. கடற்கரைச் சிறுவர்கள் மரத்துண்டைச் செதுக்கிப் படகென மிதக்கவிடுவதிலும் அந்தப் பழக்கத்தின் சாயலைக் காணலாம்.

அவ்வழக்கத்தின் இக்கால வடிவங்களுள் ஒன்று, புகைவண்டிகளை அளவு பிசகாமல் சிறிதாக்கிச் செய்யும் கலை. இக்கலை அமெரிக்க நாட்டில் பெரிதும் வளர்ந்தது. அங்குள்ள ஆர்வலர்கள் கடையில் வாங்கிய சிறு எஞ்சினையும் சரக்குப் பெட்டியையும் அப்படியே ஓட்டுவதில் நிறைவு கொள்வதில்லை. கைப்பிடிக் கம்பி, ஏணி, பிரேக் குழாய், மணி, விளக்கு என நுண்ணுறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, அதனை உண்மை வண்டியை ஒப்பதாக ஆக்குகின்றனர். இது வெறும் பொழுதுபோக்குத்தானா, அல்லது வரலாற்றுப் பயிற்சியா? இவ்வினாவையே இன்று ஆராய்வோம்.

முதலில் தோற்றத்தைப் பார்ப்போம். 1891-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம், பொம்மை ரயில்களுக்கு வரையறுத்த பாதை அகலங்களை லைப்சிக் நகரச் சந்தையில் அறிமுகப்படுத்தியது. அதன்பின் தண்டவாளங்களையும் வண்டிகளையும் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்துக்கொள்வது இயல்வதாயிற்று. அமெரிக்காவில் 1900-ஆம் ஆண்டில் ஜோஷுவா லயனல் கோவன் என்பவர் நியூயார்க் நகரில் லயனல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் முதலிற் செய்தது எஞ்சின் அன்று. மின்சாரத்தால் தானே ஓடும் மேல்திறந்த சரக்கு வண்டி ஒன்று. கடையின் முன்புறத்தில் வேறு பண்டங்களை ஏற்றிச் சுழன்று வந்து, வழிப்போக்கர் கண்ணைக் கவர்வதே அதன் பணி. வந்தவர்களோ பண்டத்தை விட்டுவிட்டு வண்டியை விலை கேட்டனர்! அமெரிக்காவின் புகழ்பெற்ற பொம்மை ரயில் தொழில் இவ்வாறு ஒரு சரக்கு வண்டியில் தொடங்கியது.

பொம்மைக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாடு அளவில் இருக்கிறது. பொம்மை செய்பவன் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்பான். மாதிரி செய்பவனோ ஒரே விகிதத்தை எங்கும் காக்க வேண்டும். மிகப் பரவலான விகிதம் எச்.ஓ. எனப்படுவது. உண்மை வண்டியில் 87 அங்குலம் இருப்பது மாதிரியில் ஏறத்தாழ 1 அங்குலமாகும். அமெரிக்க இருப்புப்பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர், எச்.ஓ. பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் பாதையில் தடம் புரளாமல் ஓடவேண்டுமானால், சக்கர விளிம்பும் தண்டவாளமும் பொது அளவுக்கு உட்பட வேண்டும் அன்றோ? அதன்பொருட்டே 1935-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் ஆர்வலர்கள் கூடி, தேசிய மாதிரி இருப்புப்பாதைச் சங்கத்தை நிறுவினர்.

இனி, நுண்ணுறுப்புகளின் பொருளைக் காண்போம். அமெரிக்கச் சரக்குப் பெட்டியின் மேல் உள்ள ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வரலாறு உண்டு. சிலவற்றின் வரலாறு குருதி தோய்ந்தது.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அந்நாட்டுப் பெட்டிகள் ஒரு வளையத்தாலும் ஒரு முளையாலும் பிணைக்கப்பட்டன. பெட்டிகள் ஒன்றையொன்று நெருங்கி வரும்போது ஊழியர் ஒருவர் இடையே நின்று, வளையத்தைக் கையால் நெறிப்படுத்தி, முளையை இறக்க வேண்டும். கணம் தவறினால் விரல் போகும், கை போகும், உயிரும் போகும். வண்டியை நிறுத்துவதும் இதைப் போலவே இடர் மிகுந்தது. பிரேக் ஊழியர்கள் ஓடுகின்ற வண்டிகளின் கூரைமேல் நடந்து, பெட்டிக்குப் பெட்டி தாவி, அங்குள்ள சக்கரப்பிடியைத் திருகுவர். மழையிலும் பனியிலும் இரவிலும் இதே வேலைதான்.

வர்ஜீனியா மாநிலத்தவரான எலி ஜானி என்பவர் துணிக்கடையில் எழுத்தராக இருந்தவர். அவர் மனிதர் கைகள் விரல் மடக்கி ஒன்றையொன்று பற்றுவதைப் போன்ற ஓர் இணைப்பை எண்ணி, மரத்தைக் கத்தியாற் செதுக்கி முன்மாதிரி செய்து பார்த்தார் என்பர். 1873-ஆம் ஆண்டில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. இரண்டு பெட்டிகள் மோதிய அளவிலே தாமே பற்றிக்கொள்ளும் இணைப்பு அது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் கண்ட காற்று பிரேக்கும் அக்காலத்ததே. எனினும் கருவி பிறந்தவுடன் உயிர்கள் காக்கப்படவில்லை. 1893-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராயம் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, தானியங்கு இணைப்பும் காற்று பிரேக்கும் கைப்பிடிக் கம்பியும் கட்டாயமாக்கிய பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது.

ஆகவே, மாதிரிப் பெட்டியின் பக்கத்தில் ஒருவர் மயிரிழை போன்ற துளையிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்துச் செருகும்போது, அந்தச் சட்டத்தின் ஒரு விதியையே செருகுகிறார் எனலாம்.

அந்நாட்டுச் சரக்குப் பெட்டியின் வேறு இரண்டு உறுப்புகளையும் பாருங்கள். பழைய பெட்டிகளின் போகிகள், இரும்புப் பட்டைகளை வளைத்து மரையாணிகளால் முடுக்கிச் செய்யப்பட்டவை. ஓட்டத்தின் அதிர்ச்சியில் ஆணிகள் தளரும், விபத்து நேரும். ஆதலால் 1941-ஆம் ஆண்டு முதல், ஒரு நிறுவனத்தின் பாதையிலிருந்து மற்றொன்றின் பாதைக்குச் செல்லும் பெட்டிகளில் அத்தகைய போகிகள் விலக்கப்பட்டன. வார்ப்பு எஃகுப் போகிகளே ஓடின. அடுத்து, கூரையின் நடைபலகை. காற்று பிரேக் வந்த பின்னும் நெடுங்காலம் அது நீடித்தது. 1966-ஆம் ஆண்டில்தான் புதிய மூடுபெட்டிகளில் அது வேண்டா என்று விதி வந்தது; பழையவற்றிலிருந்தும் படிப்படியாக அகற்றப்பட்டது. எனவே 1950-ஆம் ஆண்டின் ரயிலைக் காட்ட விரும்புபவர் நடைபலகையைச் சேர்க்க வேண்டும். பட்டைப் போகியை நீக்க வேண்டும். 1990-ஆம் ஆண்டைக் காட்டுபவரோ நடைபலகையைக் கழற்றி, அதன் தடங்களையும் அடைத்துவிட வேண்டும். சேர்ப்பது மட்டுமன்று, அறிந்து நீக்குவதும் மேம்பாடே.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. உறுப்புகள் மிகுந்த மாதிரியே சிறந்த மாதிரி என்பது பிழை. குறித்த ஓர் ஆண்டுக்கும் இடத்துக்கும் பொருந்திய மாதிரியே சிறந்தது. ‘எந்த ஆண்டு?’ என்ற வினாவைக் கேட்ட நொடியிலேயே பொழுதுபோக்காளர் வரலாற்று மாணவராகிவிடுகிறார். பழைய நிழற்படங்களையும் வரைபடங்களையும் பெட்டியின் பக்கத்தில் எழுதப்பட்ட கட்டுமான நாளையும் அவர் தேடத் தொடங்குகிறார்.

வேலைமுறையையும் சுருக்கமாகச் சொல்வேன். முதலில் பிளாஸ்டிக் சக்கரங்களை நீக்கி உலோகச் சக்கரங்களை இடுவர், ஓட்டம் சீர்ப்படும். பின்னர் எடையைச் சரிபார்ப்பர். பெட்டிக்கு 1 அவுன்சு, அதன் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சு என்பது எச்.ஓ. அளவுக்குச் சங்கத்தின் பரிந்துரை. 40 அடி நீளமுள்ள பெட்டி மாதிரியில் 5½ அங்குலம். அதன் எடை 3¾ அவுன்சு, அதாவது ஏறத்தாழ 106 கிராம் இருக்க வேண்டும். குறைந்தால் வளைவில் தடம் புரளும். அடுத்து இணைப்பை மாற்றுவர். ஆரெகன் மாநிலத்துக் கீத், டேல் எட்வர்ட்ஸ் என்னும் இரட்டைச் சகோதரர்கள் தம் பெயர்களின் முதலெழுத்துக்களால் ‘கேடீ’ என்று பெயரிட்டு விற்ற இணைப்பு, ஜானியின் இணைப்பை ஒத்த தோற்றமுடையது, காந்தத்தால் விடுபடுவது. எஞ்சினாயின் காற்றழுத்தியையும் குழாய்களையும் மணியையும் உரிய இடத்தில் அமைப்பர். இறுதியாக நீர்த்த வண்ணமும் சுண்ணப்பொடியும் கொண்டு துருவும் கரியும் புழுதியும் ஏற்றுவர். உழைக்கும் வண்டி புதுமெருகுடன் இராது அன்றோ?

இந்தக் கறையேற்றும் கலையில் புகழ்பெற்றவர் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன். தொழிலால் அவர் நிழற்படக் கலைஞர். தம் இல்லத்தில் மலையும் பள்ளத்தாக்கும் பாலமுமாக அவர் அமைத்த சிறு இருப்புப்பாதையைக் காணப் பலர் சென்றனர். 1973-ஆம் ஆண்டு சனவரியில் அவர் மறைந்தார். சில நாட்களுக்குள் தீ விபத்தில் அப்பாதையின் பெரும்பகுதி அழிந்தது. இன்று அதை நாம் அறிவது அவர் எடுத்த படங்களாலும் எழுதிய கட்டுரைகளாலுமே. மாதிரியும் அழியக்கூடியதே, அதன் பின்னுள்ள குறிப்பு எஞ்சினால் அறிவு எஞ்சும்.

அமெரிக்க வண்டிகளைப் பற்றி நாம் ஏன் இத்தனை அறிய வேண்டும் என்று மாணவர் வினவலாம். அவை நம் பாதைகளிலும் ஓடியவை என்பதே விடை. இரண்டாம் உலகப் போரின்போது, போர்த் தேவைக்காக அமெரிக்காவில் செய்யப்பட்ட மீட்டர் பாதை நீராவி எஞ்சின்கள் இந்தியாவுக்கு வந்தன. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து டபிள்யூ.பி. வகையின் முதல் 16 எஞ்சின்கள் வந்தன. துப்பாக்கிக் குண்டு போன்ற கூர்முகமும் அதில் விண்மீன் குறியுமாக, பின்னாளில் நம் விரைவு வண்டிகளின் அடையாளமாக விளங்கியவை அவையே. 1960-களின் தொடக்கத்தில் ஆல்கோ நிறுவனத்தின் டீசல் எஞ்சின்கள் வந்தன. அகலப்பாதையின் டபிள்யூ.டி.எம்.2, மீட்டர் பாதையின் ஒய்.டி.எம்.4 ஆகிய இரு வகைகளையும் பின்னர் வாரணாசித் தொழிற்சாலை நம் நாட்டிலேயே கட்டியது. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆல்கோ எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டது. அதன் வழிவந்த எஞ்சின்கள் இங்கே பல ஆண்டுகள் மேலும் பிறந்தன. ஜானியின் இணைப்பு வகையும் நம் பெரிய சரக்குப் பெட்டிகளுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாகப் புதுவைக்கு வரும் இருப்புப்பாதை 1879-ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சி நிலவிய நகருக்கு ஆங்கில ஆட்சி நிலத்தின் வழியே வந்த மீட்டர் பாதை அது. 1954-இல் ஆட்சி மாறியது. பாதையின் அகலம் மாறவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது அகலப்பாதையாக்கப்பட்டது. பயணிகளுக்கு நன்மையே. ஆனால் 120 ஆண்டுகளுக்கு மேல் அவ்வழியே ஓடிய வண்டிகளின் உருவம் கண்ணுக்கு மறைந்தது. முன்னர் 1952-ஆம் ஆண்டுப் புயலில் புதுவையின் பழைய இரும்புக் கடற்பாலம் சிதைந்து, தூண்களின் எச்சங்களே மிஞ்சியதை நீங்கள் அறிவீர்கள்.

அந்த மீட்டர் பாதையை ஒரு மாணவர் சிறு வடிவில் அமைக்க விரும்பினால் எங்கிருந்து தொடங்குவார்? அமெரிக்கப் பெட்டியை வாங்கி வண்ணம் மாற்றினால் போதாது. எச்.ஓ. விகிதத்தில் 1000 மில்லிமீட்டர் பாதை 11½ மில்லிமீட்டராகும். சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகளைச் செய்வோர் இதற்கென 12 மில்லிமீட்டர் பாதையைப் பயன்படுத்துகின்றனர். அது நமக்கும் உதவும். நம் மீட்டர் பாதை வண்டிகளில் இரு பக்கத் தாங்கிகள் இல்லை; நடுவே ஒற்றைத் தாங்கியும் கொக்கியும் இருந்தன. காற்று பிரேக்குக்கு மாறாக நெடுங்காலம் வெற்றிட பிரேக்கே இருந்தது. அதன் குழாய் தனி வடிவுடையது. சரக்கு வண்டிகளுள் பல நான்கு சக்கரங்களே உடையவை. இவற்றை எந்தக் கடையும் முழுமையாகத் தராது. அளந்தும் கேட்டும் படம் பார்த்தும் தாமே அறிய வேண்டும்.

அறிவதற்கு வழிகள் உண்டு. 1977-இல் புதுதில்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகமும், 2002-இல் சென்னைப் பெரம்பூரில் ரயில் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. பூனா நகரில் ஜோஷி என்னும் ஆர்வலரின் உழைப்பால் 1998-இல் சிறு ரயில்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உருவாயிற்று. இவற்றினும் விரைவில் நாட வேண்டிய நூலகம் ஒன்று உண்டு: மீட்டர் பாதையில் வேலை செய்து ஓய்வு பெற்ற முதியோரின் நினைவு. கொக்கியை எப்படி மாட்டினோம், சைகை விளக்கை எங்கே தொங்கவிட்டோம் என்று அவர்களால் சொல்ல முடியும். அந்த நூலகம் நமக்காக நெடுநாள் திறந்திராது.

மாணவ நண்பர்களே! பெரிய தேர் ஓடுவதற்கும் சிறிய கடையாணி வேண்டும் என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். வரலாறும் அத்தகையதே. அரசர் பெயரும் உடன்படிக்கை நாளும் தேரின் உடல். ஒரு கைப்பிடிக் கம்பி, ஓர் இணைப்புக் கொக்கி, ஒரு நடைபலகை ஆகியவை அதன் ஆணிகள். அவற்றைச் சிறிய வடிவில் செய்து பாருங்கள். செய்யும்போது ஒரு நெறியைக் கைக்கொள்ளுங்கள்: சான்று உள்ளதைச் சேருங்கள், சான்று இல்லாததை அழகுக்காக ஒட்டாதீர்கள். எந்த உறுப்பை எதைப் பார்த்துச் செய்தீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வண்டி ஒருநாள் உடையலாம். குறிப்பேட்டைப் படிப்பவர் அதை மீண்டும் செய்துகொள்வார்.