கவலையீனத்திற் பிறந்த மருந்து

நம் நாட்டிலே பனடோல் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. தலையிடி என்றாலும், தடிமன் என்றாலும், உடம்பு உளைவு என்றாலும், வீட்டுத் தலைவர் அலுமாரியைத் திறக்கிறார்; இரண்டு மாத்திரைகளை வாயிலிட்டுத் தண்ணீர் குடிக்கிறார். காலையில் எத்தனை விழுங்கினார் என்பது அவருக்கு நினைவில்லை. மனைவி கேட்டால், "பனடோல்தானே!" என்று சிரிக்கிறார். அந்தத் "தானே" என்னும் சொல் எவ்வளவு ஆபத்தானது என்பதை இம்மருந்தின் சரித்திரமே நமக்கு எடுத்துக் காட்டுகிறது.

1886ஆம் ஆண்டு. அக்காலம் ஜேர்மனியின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஸ்ராஸ்பூர்க் நகரில் கான், ஹெப் என்னும் இரு இளம் வைத்தியர்கள், ஒரு நோயாளியின் குடற்புழுவை நீக்கும் பொருட்டு நப்தலீன் கொடுக்க எண்ணினர். யாரோ ஒருவரின் கவலையீனத்தால் அவர்கள் கைக்கு வந்ததோ வேறொரு பொருள். அது புழுவை அகற்றவில்லை. ஆனால் நோயாளியின் காய்ச்சலைத் தணித்தது. அசெற்றனிலைட் என்னும் அப்பொருள் விரைவில் அன்ரிபெப்ரின் என்ற பெயருடன் கடைகளுக்கு வந்தது. எனினும் அதனை உண்டவர் சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாரித்தன. ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஆற்றலை அவர்களுடைய குருதி இழந்தமையே அதற்குக் காரணம்.

அசெற்றனிலைட்டுக்கு நெருங்கிய உறவான பரசிற்றமோலை அமெரிக்க இரசாயனரான மோர்ஸ் 1878ஆம் ஆண்டிலேயே ஆக்கியிருந்தார். ஜேர்மனிய அறிஞர் வொன் மேரிங் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, முடிவுகளை 1893இல் வெளியிட்டார். அதுவும் குருதியைக் கெடுக்கும் என்று கருதினார். அவர் கையாண்ட மருந்தில் வேறு பொருள் கலந்திருக்கலாம் என்பது பிற்காலத்தவர் எண்ணம். எவ்வாறாயினும், நல்ல மருந்தொன்று அரை நூற்றாண்டு காலம் மூலையிற் கிடந்தது. 1948இல் நியூயோர்க்கிலே புரோடி, அக்செல்றொட் என்னும் இருவர், அசெற்றனிலைட் உடலினுள்ளே பரசிற்றமோலாக மாறியே நோவைத் தணிக்கிறது என்று நிறுவினர். 1956இல் பிரித்தானியாவிற் பனடோல் என்ற பெயருடன் 500 மில்லிகிராம் மாத்திரை வெளிவந்தது. அஸ்பிரினைப் போல் வயிற்றைப் புண்படுத்தாத மருந்து என்று மக்கள் அதனை வரவேற்றனர்.

பத்தாண்டுகள் கழிந்தன. 1966இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்றில், அளவு மீறிப் பரசிற்றமோல் உட்கொண்டோரின் ஈரல் அழிந்ததைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. அதன் காரணத்தை 1973இல் அமெரிக்க ஆய்வாளர் விளக்கினர். ஈரல் இம்மருந்தைப் பக்குவப்படுத்தும்போது சிறிதளவு நஞ்சு உண்டாகிறது. குளுற்றதயோன் என்னும் பொருள் அந்நஞ்சை அவ்வப்போது அடக்கிவிடுகிறது. அளவு மீறும்போது அக்காவற்பொருள் தீர்ந்துபோக, நஞ்சு ஈரலையே தாக்குகிறது. 1977இல் எடின்பரோவில் பிரெஸ்கொற் முதலானோர் அசெற்றைல்சிஸ்ரீன் என்னும் மாற்றுமருந்தின் பயனைக் காட்டினர். 1998இல் பிரித்தானிய அரசு, சாதாரண கடைகளில் விற்கும் பெட்டியொன்றில் 16 மாத்திரைக்கு மேல் இருத்தலாகாது என விதித்தது. மருந்துக்கடைகளுக்கு 32 என வரையறுத்தது.

பெட்டியின் அளவை அரசு குறைக்கலாம். வீட்டு அலுமாரிக்குக் கணக்கு வைப்பவர் யார்? கவலையீனமான துணையை உடையோர் அப்பொறுப்பைத் தாமே ஏற்பது நன்று. மாத்திரைகளை உறையோடு ஓரிடத்தில் வையுங்கள். சட்டைப்பையிலும் வேறு போத்தலிலும் போட இடங்கொடாதீர்கள். நாட்காட்டியின் ஓரத்தில் நேரத்தையும் எண்ணிக்கையையும் பென்சிலாற் குறியுங்கள். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு. அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி. 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் எக்காரணங் கொண்டும் கூடாது. மெலிந்தவரும், ஈரல் நோயாளரும், மதுப் பழக்கமுடையவரும் இன்னுங் குறைவாகவே, வைத்தியரைக் கேட்டு, எடுத்தல் வேண்டும். தடிமனுக்கு விற்கும் மாத்திரைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் உண்டு. பெயர் வேறாயினும் கணக்கு ஒன்றே. டெங்கு பரவும் நம் நாட்டிலே காய்ச்சலுக்கு அஸ்பிரினையோ இபுபுரோபனையோ தாமாக எடுப்பது இரத்தப்போக்குக்கு இடமளிக்கும்.

அளவு மீறிவிட்டது என்று அறிந்தால், "சுகமாகத்தானே இருக்கிறார்" என்று காத்திராதீர்கள். முதல் நாளில் எவ்வித குறியும் தோன்றாதிருக்கலாம். மாற்றுமருந்தோ முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தாலே மிகுந்த பயன் தரும். ஆகவே வெற்று உறையையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

ஒருவரின் கவலையீனம் இம்மருந்துக் குலத்தை உலகுக்கு அளித்தது. இன்னொருவரின் கவலையீனம் நம் வீட்டிலிருந்து ஓர் உயிரைக் கொண்டுபோக நாம் இடங்கொடுத்தலாகாது. அதற்கு வேண்டுவன ஒரு பென்சிலும் சிறிது பொறுமையுமே.