கலாயோகி கண்ட கைவினைஞர்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது சிவதாண்டவம் பற்றிய கட்டுரையே. 1918 இல் நூலாகி உலகெங்கும் பரவிய அதன் புகழ், அதற்கு முன்னர் அவர் இயற்றிய பெருநூலை மறைத்துவிட்டது. 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் அந்நூல் 1908 இல் வெளிவந்தது. தமிழர் ஒருவரின் மைந்தர் சிங்களக் கைவினைஞருக்காக எழுதிய நூல் அது. அதனை நம் வாலிபர் எத்தனை பேர் அறிவர்?

1877 ஆகஸ்டு 22 இல் கொள்ளுப்பிட்டியிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. தாயார் ஆங்கில மாது. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அத்தை மக்கள். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து இங்கிலாந்திலே வளர்ந்தவர், 1903 இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராக மீண்டார்.

கல்லைத் தேடி மலைநாடு சென்ற விஞ்ஞானி அங்கே மனிதரைக் கண்டார். பொற்கொல்லர், சித்திரகாரர், தச்சர், குயவர், பாய் முடைவோர் முதலியோர் கண்டியரசர் அளித்த நிலத்தை உழுதுண்டு, அரண்மனைக்கும் விகாரைக்கும் பரம்பரையாகப் பணிசெய்த குடியினர். 1815 இல் அரசு வீழ்ந்தது, ஆதரிப்பார் இல்லை. போதாக்குறைக்கு ஆலைப் பண்டங்களும் கடைத்தெருவை நிரப்பின. அழிவின் விளிம்பிலே நின்ற அத்தொழில்களின் முறைகளை அவர் கேட்டுக் கேட்டு எழுதினார். துணைவியார் எதெல் படம் பிடித்தார். வில்லியம் மொறிசு பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே 425 பிரதிகள் அச்சாயின.

நூலிற் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டைப் பற்றியது. நாயக்கர் வழிவந்த கீர்த்திசிறீ இராசசிங்கன் (1747-1782) காலத்தை இடைக்காலம் என்பது பொருந்துமா என்று சரித்திர மாணவர் கேட்கலாம். குமாரசுவாமி ஆண்டுகளை எண்ணிப் பெயரிடவில்லை. தொழிலும் வழிபாடும் வாழ்வும் பிரியாதிருந்த நிலையையே இடைக்காலம் என்றார். எனக்கு அது சரியெனவே படுகிறது.

சிங்களச் சிற்பியும் வடமொழிச் சிற்பநூலையே ஓதினான் என்பதையும், தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய கம்மாளர் மரபினர் அவருள் இருந்தனர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இது யாருடைய கலை என்று வழக்காடுவோர் அப்பக்கங்களைப் படிக்கவேண்டும்.

அந்நூல் அச்சேறிய நாட்களிலேதான், கொட்டாஞ்சேனையில் இராமநாதன் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லாற் புதுக்கத் தொடங்கியிருந்தார். மைத்துனர் இருவரும் தத்தம் வழியிற் பழைய கைத்திறனைக் காத்தனர்.

1914 இல் பொலநறுவைச் சைவப் படிமங்கள் உள்ளிட்ட இலங்கை வெண்கலங்களைப் பற்றி எழுதினார். 1917 முதல் பொஸ்டன் நூதனசாலையிற் பணியாற்றி, 1947 செப்டெம்பர் 9 இல் அந்நாட்டிலேயே மறைந்தார். அப்படிமங்கள் கொழும்பு நூதனசாலையில் உள்ளன. விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டிய வீதிக்கு அவர் பெயரே இட்டிருக்கிறார்கள்.