நிதி நின்ற பின் ஒரு நிறுவனம்: 1972இன் லண்டனும் எமது சங்கங்களும்

லண்டனில் இயங்கும் எமது சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாக ஒரே விடயமே திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. நகரசபை தந்து வந்த மானியம் குறைந்துவிட்டது. சில இடங்களில் நின்றேவிட்டது. மண்டப வாடகை ஏறிவிட்டது. முதியோருக்கான மதிய உணவு நாட்களைக் குறைப்பதா, சட்ட ஆலோசனை தரும் ஊழியரை நிறுத்துவதா, சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் கட்டணத்தைக் கூட்டுவதா என்று விவாதிக்கிறோம். முடிவில் யாராவது ஒருவர் எழுந்து, புதிய நிதியம் ஒன்றைத் தேட வேண்டும், அதற்கேற்ற புதிய திட்டம் ஒன்றை எழுத வேண்டும் என்கிறார். எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைகிறோம். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரே சங்கத்தின் பெரிய மனிதராகி விடுகிறார். ‘தந்திரோபாயம்’, ‘புத்தாக்கம்’ என்ற சொற்களும் படிவங்களிலிருந்து எமது பேச்சுக்குள் வந்து குடியேறிவிட்டன.

இந்தக் கேள்வியை நாம் தலைகீழாகக் கேட்கிறோம் என்பதே எனது வாதம். யாரிடம் காசு கேட்பது என்பது இரண்டாவது கேள்வி. காசு வராவிட்டாலும் நாம் விடமாட்டோம் என்று சொல்லக்கூடிய வேலை எது என்பதே முதற் கேள்வி. இதே நகரத்தில், ஐம்பது வருடங்களுக்கு முன், ஒரு நிறுவனம் இந்த ஒழுங்கில் இக்கேள்விகளைக் கேட்டுக்கொண்டது. அதன் நடுவே நின்றவர் எம்மவர் ஒருவர். அவரை நாவலாசிரியராக எம்மில் பலர் வாசித்திருக்கிறோம். நிறுவனம் ஒன்றைக் காப்பாற்றியவராக நாம் அவரை அதிகம் ஆராயவில்லை.

இன உறவுகள் நிறுவனம் 1952இல் சதம் ஹவுஸ் எனப்படும் சர்வதேச விவகாரங்களுக்கான அரச நிறுவனத்தின் ஒரு பிரிவாகத் தோன்றி, 1958இல் தனி நிறுவனமாயிற்று. அதை நடத்தியவர் பிலிப் மேசன், இந்தியாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர். பேரரசு கலைந்துகொண்டிருந்த காலம். புதிதாகச் சுதந்திரமடையும் நாடுகளில் முதலிட்டிருந்தவர்களுக்கும், பிரித்தானியாவுக்குள் வந்து குடியேறும் கறுப்பு மக்களை என்ன செய்வது என்று யோசித்த ஆட்சியாளருக்கும் ஆய்வறிக்கைகள் தேவைப்பட்டன. ஆகவே காசு வந்தது. நஃபீல்ட் நிதியம் தந்தது, அமெரிக்காவின் போர்ட் நிதியம் தந்தது, பெருங் கம்பனிகளும் தந்தன. ஜேர்மின் வீதியில் அலுவலகம். நிர்வாக சபையில் பிரபுக்களும் கம்பனித் தலைவர்களும். 1969இல் ‘நிறமும் குடியுரிமையும்’ என்ற மிகப் பெரிய ஆய்வு நூல் வெளிவந்தது. அதில் ஆராயப்பட்டவர்கள் குடியேறிகள். ஆராய்ந்தவர்களோ அவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கவில்லை.

அந்த நிறுவனத்தின் நூலகத்துக்கு 1964இல் வந்து சேர்ந்தவர் ஏ. சிவானந்தன். சண்டிலிப்பாயை ஊராகக் கொண்டவர். கொழும்பில் வங்கி அதிகாரியாக இருந்து, 1958 கலவரத்தின் பின் குடும்பத்தோடு லண்டன் வந்தார். வந்த ஆண்டிலேயே நொட்டிங் ஹில்லில் கறுப்பு மக்கள் தாக்கப்பட்டதையும் கண்டார். இங்கு நூலகமொன்றில் அடிமட்ட வேலையில் தொடங்கி நூலகராகத் தகுதி பெற்றவர். அவர் நூலகத்தை வளர்த்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஆய்வு நூல்களோடு துண்டுப் பிரசுரங்களையும், கறுப்பு இயக்கங்களின் பத்திரிகைகளையும், மூன்றாமுலக விடுதலை அமைப்புகளின் வெளியீடுகளையும் சேர்த்தார். இயக்கக்காரர்களும் மாணவர்களும் அங்கு வரத் தொடங்கினர். நிர்வாக சபை கவனிக்காத ஒரு மூலையில், அந்த நிறுவனத்துக்கு வேறொரு வாசகர் கூட்டம் உருவாகிக்கொண்டிருந்தது.

1970களின் தொடக்கத்தில் மோதல் வெடித்தது. நிறுவனத்தின் ஆய்வுகள் யாருக்காக என்ற கேள்வியை ஊழியர்களே எழுப்பினர். ‘றேஸ் ருடே’ என்ற அதன் மாத சஞ்சிகை ஆட்சியாளரையும் கம்பனிகளையும் விமர்சிக்கத் தொடங்கியது. சபை சஞ்சிகையை அடக்க முற்பட்டது. விவகாரம் உறுப்பினர்களிடம் சென்றது. 1972 ஏப்ரலில் கூடிய அசாதாரண பொதுக்கூட்டத்தில் ஊழியர் பக்கம் 94 வாக்குகளும் சபையின் பக்கம் 8 வாக்குகளும் விழுந்தன. சபையினர் இராஜினாமாச் செய்தனர். அவர்களோடு பணமும் போயிற்று.

எமது சங்கங்களில் வெற்றிக்குப் பிந்திய நாள் எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த இடத்திலிருந்துதான் வரலாறு சுவாரசியமாகிறது. 94 வாக்குகளால் வாடகை கட்ட முடியாது. ஜேர்மின் வீதி அலுவலகத்தை விட்டு, கிங்ஸ் குறொஸ் நிலையத்துக்கு அருகே பென்ரன்வில் வீதியில் இருந்த ஒரு நிலக்கீழ்த் தளத்துக்கு நிறுவனம் இடம் பெயர்ந்தது. ஊதியம் பெறும் ஊழியர் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலராயினர். 1973இல் சிவானந்தன் இயக்குநரானார். அவர்கள் செய்தவற்றை நான் நான்காக வகுத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, எதை விடுவது என்பதைத் தீர்மானித்தார்கள். பெரிய கணக்கெடுப்பு ஆய்வுகள் விடப்பட்டன. ‘றேஸ் ருடே’ 1973இல் தனி அமைப்பாகப் பிரிந்து, பின் டார்கஸ் ஹோவின் ஆசிரியத்துவத்தில் பிரிக்ஸ்ரனில் இருந்து தன் வழியில் இயங்கியது. கையில் மிஞ்சியவை ஒரு நூலகமும் ஒரு காலாண்டிதழும்தான்.

இரண்டாவது, மிஞ்சியதன் திசையை மாற்றினார்கள். ‘றேஸ்’ என்றிருந்த ஆய்விதழ் 1974இல் ‘றேஸ் அன்ட் கிளாஸ்’ ஆயிற்று. பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே சந்தாக் கட்டி வந்த இதழ் அது. அந்தச் சந்தாக்களைக் கைவிடாமலே, கறுப்பு மக்களின் விடுதலைக்கும் மூன்றாமுலக விடுதலைக்குமான இதழாக அதை மாற்றியது அவர்களின் சாமர்த்தியம். எக்பால் அகமத், பசில் டேவிட்சன், ஜோன் பேஜர் போன்றோர் ஆசிரியர் குழுவில் சேர்ந்தனர்.

மூன்றாவது, சுமையைப் பகிர்ந்துகொண்டார்கள். இதழ் அம்ஸ்ரடாமின் ஊடுதேச நிறுவனத்தோடு கூட்டாக வெளியிடப்பட்டது. அலுவலக வேலையில் பெரும்பகுதியைத் தொண்டர்கள் செய்தனர்.

நான்காவது, ஆய்வைச் சிறிய, விலை குறைந்த வடிவங்களுக்கு மாற்றினார்கள். 1982இல் ‘இனவாதத்தின் வேர்கள்’, ‘இனவாதத்தின் வடிவங்கள்’ என்ற இரு சிறு நூல்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்காக வந்தன. 1985இல் இனவாதம் பிரித்தானியாவுக்கு வந்த கதை சித்திரப் புத்தகமாக வந்து, மேலிடத்தின் கோபத்தைச் சம்பாதித்தது.

எமக்கு நேரடியாக உறைக்கும் உதாரணம் ஒன்றும் உண்டு. 1983 யூலையின் பின், 1984இல், ‘றேஸ் அன்ட் கிளாஸ்’ தன் ஒரு முழு இதழையே இலங்கைக்கு ஒதுக்கியது. இனவாதம் எவ்வாறு எதேச்சாதிகார அரசாக வளர்ந்தது என்பதை உலகின் பல்கலைக்கழக நூலகங்களுக்குக் கொண்டுபோன இதழ் அது. பெருங் கம்பனிகளின் காசில் நின்ற பழைய நிறுவனம் அப்படியொரு இதழைப் போட்டிருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

இனி, காசு திரும்பி வந்த காலத்துக்கு வருவோம். 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்ரன் எரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஸ்கார்மன் பிரபுவின் அறிக்கை வந்தது. அதே ஆண்டு மே மாதம் தொழிற்கட்சி வென்று, கென் லிவிங்ஸ்ரன் தலைமையில் பாரிய லண்டன் மாநகர சபை சிறுபான்மை அமைப்புகளுக்கு மானியம் வழங்கத் தொடங்கியது. இது எமது வருகையின் காலமுமாகும். 1983இல் தமிழர் தகவல் நடுவம் தோன்றியது. 1985 மே மாதத்தில் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் தமிழ் அகதிகள் உடைகளைக் களைந்து நாடுகடத்தலைத் தடுத்தார்கள். நியூஹாம் போன்ற இடங்களில் நலன்புரிச் சங்கங்கள் எழுந்தன. தேவை பெரிதாயிருந்தது, காசும் ஓரளவு இருந்தது.

அந்த வேளையிலேயே சிவானந்தன் ஒரு கசப்பான வாதத்தை முன்வைத்தார். அரசு மானியம் இன, மத, மொழி வாரியாகப் பிரிக்கப்படும்போது, ‘கறுப்பு’ என்ற பொது அரசியல் நிறம் தனித்தனிக் கலாசாரங்களாக உடைகிறது. ஒன்றாகப் போராடியவர்கள் ஒரே பாத்திரத்துக்காகப் போட்டியிடுகிறார்கள் என்பது 1985இல் அவர் எழுதியதன் சாரம். பலர் இதை மிகைப்படுத்தல் என்றனர். 1986 மார்ச் 31ஆம் திகதி தட்சர் அரசு அந்த மாநகர சபையையே கலைத்தது. மானியம் பெற்ற அமைப்புகளில் பல ஒன்றோடொன்று பேசிப் பழகாதவை. இல்லாத காசுக்காக ஒன்றுசேர அவற்றுக்குத் தெரியவில்லை.

அதன்பின் 1990இன் சட்டம் சமூகப் பராமரிப்பை ஒப்பந்தமாக்கியது. மானியம் என்றால் உன் வேலைக்கு உதவி. ஒப்பந்தம் என்றால் என் வேலையை நீ செய்து கொடு. இந்த வேறுபாட்டை நாம் அன்று கவனிக்கவில்லை. அதன் விளைவை 2010 யூனில் கண்டோம். அகதிகளுக்குச் சட்ட உதவி வழங்கிய ‘றெஃபியூஜி அன்ட் மைகிரன்ற் ஜஸ்ரிஸ்’, பத்தாயிரம் வரையான வழக்காளிகளை நடுவழியில் விட்டு மூடப்பட்டது. வேலை இல்லாமல் அது விழவில்லை. செய்த வேலைக்கான பணம் மிகப் பிந்தியே கிடைக்கும் விதமாக அரசின் கொடுப்பனவு முறை மாறியிருந்தது. அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் காசு இருக்கவில்லை. 2011 யூலையில் குடிவரவு ஆலோசனைச் சேவையும் வீழ்ந்தது. 2013 ஏப்ரலில் குடிவரவு வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்குச் சட்ட உதவிப் பணமே நீக்கப்பட்டது. அரசியல் தஞ்ச வழக்குகள் தப்பின.

தனித்துவமான அமைப்புகளே பிழை என்று சொல்ல நான் வரவில்லை. 1979இல் உருவான சவுத்தோல் கறுப்புச் சகோதரிகள் அமைப்பின் மானியத்தை ஈலிங் நகரசபை நிறுத்த முற்பட்டது. எல்லாப் பெண்களுக்கும் பொதுவான ஒரு சேவையே போதும் என்பது அதன் வாதம். 2008 யூலையில் உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே நகரசபை பின்வாங்கியது. அந்தப் பெண்கள் இந்து, முஸ்லிம், சீக்கியர் என்று பிரியாமல், குறிப்பிட்ட ஒரு வேலையைச் சுற்றித் திரண்டவர்கள். வழக்குத் தொடுத்தவர்கள் அச்சேவையால் பயனடைந்த பெண்களே. நூலகத்தின் வாசகர்கள் 1972இல் செய்ததை இவர்கள் 2008இல் செய்தார்கள் என்பேன்.

இங்கு ஒரு மறுப்பு எழும்: நகரசபை வேண்டாம், கம்பனி வேண்டாம் என்றால் சமூகமே கொடுக்கட்டும், பிடியரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்திய மரபு எமதல்லவா? ஆம். ஆனால் அந்தப் பள்ளிக்கூடங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றவர்களோடு சமமாக வாங்கில் இருப்பதற்கு 1920களிலும் 30களிலும் போராட வேண்டியிருந்தது. புகலிடத்திலும் கோயிலுக்கும் இயக்கத்துக்கும் கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்டவர்கள் பட்டதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சமூகக் காசுக்கும் எசமானர்கள் உண்டு. சந்தாவின் சிறப்பு அது சமூகத்தின் காசு என்பதில் இல்லை. ஆயிரம் பேர் சிறிது சிறிதாகக் கொடுக்கும்போது எந்த ஒருவரும் மிரட்ட முடியாது என்பதில் இருக்கிறது.

தொண்டு பற்றியும் ஒரு வார்த்தை. தொண்டர் உழைப்பை இலவசம் என்று எழுதுபவர்கள் அதைச் செய்பவர்களைக் கேட்பதில்லை. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் என்னைப் போன்றவர்கள் சங்கத்துக்குக் கொடுக்கும் இரண்டு மணித்தியாலம் நித்திரையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே அந்த மணித்தியாலங்களும் வரவு செலவுக் கணக்கில் எழுதப்பட வேண்டும். 1972இன் கதைக்கும் குறைகள் உண்டு. ஒருவரே நாற்பது ஆண்டுகள், 2013 வரை, இயக்குநராக இருந்தார். அந்த அரிய நூலகச் சேகரிப்பு 2006இல் வோறிக் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. சிறிய நிறுவனம் ஒன்று பெரிய சேகரிப்பை எக்காலமும் தனியே சுமக்க முடியாது என்று அதை நான் வாசிக்கிறேன். சிவானந்தன் 2018 சனவரியில் மறைந்தார். நிறுவனமும் இதழும் அவருக்குப் பின்னும் தொடர்கின்றன.

எமது சங்கங்கள் அடுத்த விண்ணப்பத்தை எழுதுமுன் மூன்று காரியங்களைச் செய்யலாம். காசில்லாவிட்டாலும் விடமுடியாத ஒரு வேலையைப் பெயர் சொல்லித் தீர்மானிக்கலாம். அந்த ஒரு வேலைக்கு வருடத்துக்கு என்ன செலவு என்று கணக்கிட்டு, அதை மட்டும் சந்தாவால் தாங்கும் அளவுக்குச் சுருக்கலாம். மானியம் கிடைத்தால் அதன்மேல் கட்டலாம், மானியத்தின்மேல் அத்திவாரம் போட வேண்டாம். மூன்றாவதாக, பக்கத்துத் தெருவின் சோமாலிய, குர்திய அமைப்புகளோடு ஒரு மண்டபத்தையும் ஒரு கணக்காளரையும் பகிரலாம். எந்த வேலை முதலாவது என்பதில் எமக்குள் சண்டை வரும். முதியோர் மதிய உணவா, சட்ட ஆலோசனையா, ஆவணக் காப்பா? அந்தச் சண்டையை இப்போதே, உறுப்பினர் முன்னால், வாக்கெடுப்போடு போடுவது நல்லது. நான் ஆவணக் காப்பின் பக்கம். மறுப்பவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும்.